வடலி எங்கே?

பனைக்கு விழா எடுக்கிறார்கள். பந்தல் போடுகிறார்கள், மாலை போடுகிறார்கள், குழி வெட்டி விதை போடுகிறார்கள், மறுநாள் ஏட்டிலே படமும் போடுகிறார்கள்! இலட்சத்தில் ஆரம்பித்த பேச்சு இன்று கோடிக்கு வளர்ந்திருக்கிறது. நாமும் கைதட்டினோம். தட்டத்தானே வேண்டும்! பனையே தமிழ்நாட்டின் மரம் என்று 1978-இல் அரசு அறிவித்தது. அந்த மரத்துக்காக நாலு பேர் மண்வெட்டி தூக்குகிறார்கள் என்றால், மகிழாதவர் யார்?

கைதட்டல் ஓய்ந்தது. இப்போது கேட்கிறோம்: போட்ட விதை என்ன ஆயிற்று?

விதை போட்டவர் யார் என்று கேட்டால் பத்துப்பேர் எழுந்து நிற்பார்கள். எத்தனை போட்டீர்கள் என்றால் கணக்கு நோட்டு வரும். முளைத்தது எத்தனை, முழங்கால் அளவுக்கு வந்தது எத்தனை, ஆட்டுக்கும் தீக்கும் தப்பி ஐந்தாம் ஆண்டிலே நிற்பது எத்தனை என்று கேளுங்கள், கூட்டம் கலைந்துவிடும்!

மீன்சுருட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், தோழர்களே! சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருஞ்சாலையிலே, கொள்ளிடத்து அணைக்கரைக்கு வடக்கே இருக்கிற ஊர். ஒருபக்கம் ஜெயங்கொண்டத்துச் செம்மண் மேடு; அங்கே முந்திரிக்காடு. மறுபக்கம் நெல்வயல். மேடும் பள்ளமும் கைகுலுக்கிக்கொள்ளும் அந்த வட்டாரத்திலே, ஏரிக்கரையில், வரப்பில், வண்டிப்பாதை ஓரத்தில் பனை நிற்கிறது. பக்கத்திலேயே இராசேந்திரன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம். முந்திரி அந்த மன்னன் கண்டறியாத மரம். அவனுக்கு ஐந்நூறு ஆண்டு கழித்துப் போர்த்துகீசியன் கப்பலேறி வந்தது. பனை அவன் கண்ட மரம். அவன் படைவீரன் கண்ட மரம். அந்த வீரனுக்கு ஏரி வெட்டிக் கொடுத்த கூலியாளும் கண்ட மரம்.

அண்ணாந்து பார்த்தால் பெருமிதம் பிறக்கிறது. குனிந்து பார்த்தால்தான் நெஞ்சு பதைக்கிறது! தலையாட்டும் தாத்தாக்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் காலடியிலே விளையாட வேண்டிய பேரப்பிள்ளைகளைக் காணோம். இளம்பனைக்கு நம் மக்கள் வைத்த பெயர் வடலி. பெயர் இருக்கிறது, பெயருக்கு உரியதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டிலே எழுபது வயதைத் தாண்டியவர்கள் மட்டும் இருந்தால், "ஆள் நடமாட்டம் இருக்கிறது, கவலையில்லை" என்றா சொல்லிவிட்டுப் போவோம்?

தமிழ்நாட்டிலே ஐந்து கோடிப் பனை இருக்கிறது என்று ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறார்கள். செங்கற்சூளைக்கு லாரி லாரியாகப் போயிற்று. அப்போதும் ஐந்து கோடி! வயல் மனையாயிற்று, அப்போதும் ஐந்து கோடி! சாலை அகன்றது, ஓரத்து மரம் சாய்ந்தது. அப்போதும் ஐந்து கோடி! அந்தக் கணக்கிலே பனை பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை, வேதாந்திகள் சொல்லுகிற ஆத்மாவைப்போல!

பனை பிறக்கும் விதமே தனி. அதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே சாகிறது என்பது விளங்கும்.

ஆடி, ஆவணியிலே பழம் விழுகிறது. கொட்டை மண்ணைத் தொட்டதும் தளிர் மேலே வருவதில்லை. முளை கீழே இறங்குகிறது, முழ ஆழத்துக்கும் அதற்கு மேலும். அங்கே கிழங்காகத் திரள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வளர்கிறது. பொங்கலுக்கு வேகவைத்து, நார் உரித்துத் தின்கிறோமே, அதுதான் பனையின் குழந்தை! தோண்டாமல் விட்டால் ஓலை எழும்பும். ஓலை எழும்பிய பிறகும் ஆண்டுக்கணக்கிலே அடிமரம் கண்ணுக்குத் தெரியாது, தரைக்குள்ளேயே பருத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் உயரம். பாளை விடப் பன்னிரண்டு ஆண்டு ஆகலாம், இருபதும் ஆகலாம். ஆணா பெண்ணா என்பதே அன்றைக்குத்தான் தெரியும். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று பாட்டன் சொன்னது சும்மாவா? 2023-இல் கடற்கரை நெடுகவும், 2024-இல் காவிரிக்கரை நெடுகவும் ஒரு கோடி விதை என்று இலக்கு வைத்துத் தொண்டர்கள் ஊன்றினார்கள். அந்த விதை பதநீர் தருவது 2040-ஐ ஒட்டி. நின்றால்!

நிற்க விடுகிறோமா?

கோடையிலே வரப்புப் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். வடலியின் ஓலை புல்லோடு சேர்ந்து கருகுகிறது. இரண்டு முறை மூன்று முறை தழைத்துப் பார்க்கும். பிறகு அதுவும் சலித்துப்போகும். ஏரிக்கரையைச் சீர்செய்ய ஆள் வருகிறது. புல்லைச் செதுக்கு, புதரை வெட்டு என்று உத்தரவு. வடலியும் புதர்தானே பார்வைக்கு! நூறுநாள் வேலையென்று நம் தாய்மார்கள் பெயரிட்டுப் பழகிய அந்த ஊரக வேலையிலே, மண்வெட்டி பிடித்த கைகளைக் குறை சொல்ல மாட்டோம். 'இதை விடு, அதை வெட்டு' என்று காட்டிக் கொடுக்க ஒருவரும் வரவில்லையே! (அந்தச் சட்டத்திலிருந்து காந்தியார் பெயரையே 2025 டிசம்பரில் வெட்டியெறிந்த தில்லிக்கு வடலியைப் பற்றிய கவலை வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.) பிறகு பொக்லைன் வந்தது. சீமைக் கருவேலை அகற்றுங்கள் என்று 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, நாடெங்கும் எந்திரங்கள் உறுமின. நல்ல நோக்கம்தான். ஆனால் இரும்புக் கரத்துக்கு முள் எது, வடலி எது என்று தெரியுமா?

இத்தனைக்கும் மேலே வானம் இருக்கிறது.

வானம் மாறிவிட்டது என்று சொன்னால், "பனைக்கென்ன, அது பஞ்சத்தையே பார்த்த மரம்" என்று பதில் வருகிறது. உண்மை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது, டெல்டாவிலே தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. பனை பெரும்பாலும் நின்றது. நாமும் அதை மேடைதோறும் சொன்னோம். ஆனால் அன்று நின்ற பனை யார் வைத்த பனை? பாட்டன் வைத்தது. வேரூன்றி, வைரம் பாய்ந்து, பல புயல்களைப் பார்த்துப் பழகியது. வடலிக்கு அந்த வலிமை எங்கிருந்து வரும்?

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமான அளவில் 62 விழுக்காடு குறைவு, 140 ஆண்டுகளில் அப்படியொரு பொய்ப்பு இல்லை என்றார்கள். அந்த ஆண்டு ஆவணியிலே விழுந்த கொட்டைக்கு எந்தத் தண்ணீர் கிடைத்தது? அதற்கு முந்தைய ஆண்டு, 2015-இல், அதே பருவமழை வெள்ளமாகக் கொட்டியது. ஒரு வருடம் மூழ்கடிக்கிறது, அடுத்த வருடம் வறுத்தெடுக்கிறது. 2024-ஆம் ஆண்டோ, உலகம் வெப்பத்தை அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து இல்லாத வெப்ப ஆண்டு. எந்திரத் தொழில் பெருகுவதற்கு முன்பிருந்த நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. கிழப்பனைக்கு வேர் ஆழத்திலே இருக்கிறது. ஒரு மழை பொய்த்தால் மறு மழைக்குக் காத்திருக்கும். விதைக்கு அப்படியல்ல. அதற்கு வாழ்வோ சாவோ அந்த ஒரே ஐப்பசிதான்! ஆகவே வறட்சி பனையைக் கொல்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே பச்சை ஓலை சலசலக்கிறது; கீழே தொட்டில் காலியாகிறது.

இந்தத் துயரம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஐரோப்பாவிலே ஓக் என்றொரு மரம். பிரிட்டன் தன் கடற்படைக் கப்பல்களைக் கட்டிய மரம். ஸ்பெயின் நாட்டின் மேற்கிலும் தெற்கிலும், ஓக் மரங்களைத் தள்ளித் தள்ளி நிற்கவிட்டு, அடியிலே ஆடு மாடு மேய்க்கிறார்கள், ஓக் கொட்டையைத் தின்னவிட்டுப் பன்றி வளர்க்கிறார்கள், இடையிலே பயிரும் செய்வதுண்டு. 'தெகேசா' என்பது அந்த நிலத்துக்குப் பெயர். போர்ச்சுகலிலே இதையே 'மொந்தாடோ' என்கிறார்கள். பாட்டிலை மூடும் தக்கை அங்கேயிருந்து வருகிறது. நம் வரப்புப் பனையைப்போல, பயிரோடும் பிராணியோடும் மனிதன் சேர்த்து வளர்த்த மரம். அங்கேயும் இதே கதை: கிழமரங்கள் கம்பீரமாக நிற்கின்றன, கன்றைக் காணோம்! கொட்டையைப் பன்றி தின்கிறது. தப்பி முளைத்ததை ஆடு தின்கிறது. அதற்கும் தப்பியதை நீளும் கோடை வறுக்கிறது. ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: புதரின் மறைவிலே முளைத்த கன்றுதான் அதிகம் தப்பிப் பிழைக்கிறது. புதர் நிழல் தருகிறது, ஆட்டின் வாயையும் தடுக்கிறது. நாம் கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் எதை வெட்டுகிறோம்? அந்தப் புதரைத்தான்!

அடுத்த வீட்டுச் செய்தி இன்னும் கசப்பானது. வங்கதேசத்திலே இடி விழுந்து உழவர்கள் மாண்டார்கள். உயர்ந்த பனை இடியைத் தாங்கிக்கொள்ளும் என்று 2017-இல் பனை நட ஆரம்பித்தார்கள். பத்து இலட்சம் என்று தொடங்கி, அதற்கு மேலும் நட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். 2022-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். ஏன்? கன்றுகள் கவனிப்பாரின்றிச் செத்தன. பிழைத்தவை வளர்ந்து பயன்தரக் காலம் போதவில்லை. காசும் போயிற்று, கன்றும் போயிற்று. இதைச் சொல்வது, நம் தொண்டர்கள் ஊன்றிய விதையை ஏளனம் செய்வதற்காக அல்ல. அதே குழியிலே நாமும் விழவேண்டாம் என்பதற்காக.

2021 ஆகஸ்டு 14-ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே வேளாண்மைக்கென்று முதன்முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை படிக்கப்பட்டது. படித்தவர் அன்று வேளாண் அமைச்சராக இருந்த எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம். முப்பது மாவட்டங்களுக்கு 76 இலட்சம் பனை விதை, ஒரு இலட்சம் கன்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம். நியாயவிலைக் கடையிலே பனைவெல்லம். கேட்டபோது காது குளிர்ந்தது. எந்த அரசும் அதற்குமுன் அந்த மரத்தை அப்படிப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வரவேற்றோம், வரவேற்கிறோம்.

உரிமையுள்ளவர்கள் என்பதால் ஒன்று சொல்கிறோம். வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்ற விதி, நெடுமரத்தைக் காக்கிறது. வடலியைப் பிடுங்க எந்த ஆட்சியரின் கையெழுத்தும் தேவைப்படவில்லையே! இன்னும் ஒன்று. அரை ஏக்கர் உழவர் கணக்குப் போடுகிறார்: "இது வளர்ந்துவிட்டால் நாளைக்கு என் வரப்பிலே நான் கை வைக்க முடியாது, மனு, மகஜர் என்று அலைய வேண்டும். முழங்கால் உயரத்திலேயே பிடுங்கிவிட்டால் கேட்பாரில்லை." அவரைக் கெட்டவர் என்று சொல்வீர்களா? இருபது ஆண்டு காத்திருக்க வேண்டிய மரத்துக்கு இன்றைக்கே காவல் செய்யச் சொல்கிறோம், கையிலே எதையும் வைக்காமல்! கிழவனைக் காக்க எழுதிய விதி குழந்தைக்கு எமனாகிவிடக்கூடாது.

ஆகவே கேட்கிறோம்: விதைக்குக் காசு கொடுத்தது போதும், வடலிக்குக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டு நிற்கும் ஒவ்வொரு வடலிக்கும் காத்தவர் கையிலே ஒரு தொகை. ஐந்தாம் ஆண்டு மறுபடியும். வரப்பு அவருடையதானால் உழவருக்கு. ஏரிக்கரையானால் அந்த ஊர் நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு. ஆட்டுக்காரர்மேல் பாய்வது எளிது. அவரையே அந்தக் கரையின் காவலராக்கிப் பாருங்கள். தன் ஆட்டின் வாயை எப்படிக் கட்டுவது என்பதை நம்மைவிட அவர் அறிவார். ஒரே ஆவணியிலே கோடியையும் கொட்டி, அந்த ஐப்பசி ஏமாற்றினால் தலையிலே கைவைத்து உட்காராமல், மூன்று நான்கு ஆண்டாகப் பங்கிட்டு ஊன்றுங்கள். நாற்றுப் பையிலே வளர்த்து எடுத்து நடுவதைவிட, நிற்க வேண்டிய இடத்திலேயே விதை ஊன்றுவது மேல். ஆழத்துக்கு இறங்கும் அதன் முளை அறுந்தால் பிழைப்பது அரிது. மேலே நாலு முள் வெட்டிப் போடுங்கள். இதற்கு மேல்நாட்டு நிபுணர் வேண்டியதில்லை. நம் ஊர்க் கிழவியே சொல்வாள்.

வடலியைக் காப்பது யாருக்காக? அழகுக்காகவா? ஏறுகிறவனுக்காக!

பனையேறி என்ற சொல்லை வசைச்சொல் ஆக்கினார்களே, அந்தப் புண்ணியவான்கள் யார்? பங்குனி வெயிலிலே ஒரே நாளில் இருமுறை ஏறி, பாளை சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, உயிரைக் கால் பெருவிரலிலே வைத்துக்கொண்டு இறங்குகிறவன் தாழ்ந்தவனாம். அவன் இறக்கிய பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டியிலே காப்பி குடிக்கிறவர் உயர்ந்தவராம்! உ.வே. சாமிநாதையர் இளமையிலே அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் படித்தவர். அவர் ஊர் ஊராகத் தேடி அலைந்த சுவடிகள் எல்லாம் என்ன? ஓலை! தமிழைச் சுமந்த மரத்தில் ஏறுகிறவனுக்கு மட்டும் தமிழ்நாட்டிலே மரியாதை கிடைக்கவில்லை. அவனுக்கென்று நலவாரியம் வந்தது, நல்லதுதான். ஆனால் மகனை மரமேற்ற அவன் விரும்பவில்லை. விரும்பும்படியான கூலியும், விழுந்தால் குடும்பத்தைத் தாங்கும் ஏற்பாடும், பனைவெல்லத்துக்குக் கலப்படக்காரனோடு போட்டியிடத் தேவையில்லாத சந்தையும் வரட்டும். மகனும் ஏறுவான், வடலிக்கும் ஆள் காவல் வரும்.

"கள்ளைப் பற்றி ஏன் பேசவில்லை?" என்று சில நண்பர்கள் கண்சிமிட்டுவார்கள். பேசப் போவதில்லை. தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்கடை மூடப்பட்டது. அதைத் திறக்கலாமா கூடாதா என்பது வேறு வழக்கு. மதுவிலக்குக்காகத் தம் தோப்புத் தென்னைகளையே பெரியார் வெட்டிச் சாய்த்த வரலாறு நம்முடையது. வழக்காடுகிற இரு தரப்பாருக்கும் ஒன்றை நினைவூட்டுகிறோம்: வடலி செத்துவிட்டால் கள்ளும் இல்லை, பதநீரும் இல்லை, வழக்கே தள்ளுபடி!

இப்போது வேலைக்கு வருவோம். மீன்சுருட்டிக்குப் பக்கத்திலே இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது; மக்கள் பொன்னேரி என்பார்கள். அதைச் சீரமைக்க 2025-இல் தமிழ்நாடு அரசு நிதி அறிவித்தது. கரை பலமாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையிலும், அக்கம்பக்கத்து ஏரிக்கரைகளிலும், எந்திரம் மண்ணைத் தொடுகிற இடமெல்லாம், தொடுவதற்கு முன்னால் வடலிகளை எண்ணி, அடையாளம் வைக்க வேண்டும். சுண்ணாம்பு பூசிய ஒரு குச்சி போதும்.

அதிகாரிகள் வந்து எண்ணுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கிளைக் கழகத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலே புறப்படுங்கள். மாலை வேண்டாம், மைக் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஊரில் ஒரு கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடு போடுங்கள்: தலைக்குமேல் உயர்ந்த மரம் எத்தனை, ஆள் உயரத்து வடலி எத்தனை, இடுப்பளவு எத்தனை, முழங்கால் அளவு எத்தனை. முதல் கட்டத்திலே நூறு இருந்து, மற்ற மூன்று கட்டங்களும் வெறிச்சென்று கிடந்தால், அந்தக் கரையிலே மரம் இருக்கிறது, பனை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே கரையோரத்துப் பெரியவரிடம் கேளுங்கள்: "ஐயா, இந்த வரிசையை வைத்தது யார்?" பெயர் சொல்வார். அதையும் எழுதுங்கள்.

எழுதியதில் ஒரு பிரதி ஊராட்சித் தலைவருக்கு, ஒரு பிரதி ஒன்றிய அலுவலகத்துக்கு, ஒரு பிரதி நமக்கு. பெயரோடும் ஊரோடும் இந்த ஏட்டிலே வெளியிடுவோம். அடுத்த ஆண்டு அதே கரை, அதே நான்கு கோடு. பழம் விழத் தொடங்கும் ஆடிக்குமுன் முதல் நோட்டு நிரம்பட்டும்.